இரண்டு கதவுகள் போதுமா?



சென்ற தவணையில் எங்கள் பாடசாலையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இப்பேச்சுக்குக் காரணமாயிற்று. "நீங்கள் செய்ய விரும்பும் பொருளொன்றை வரைந்து வருக" என்று சித்திர ஆசிரியர் ஒன்பதாந் தர மாணவரைப் பணித்திருந்தார். ஒரு மாணவன் பெரியதொரு காரை வரைந்து வந்தான். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் வாயிலில் நம் பிள்ளைகள் நின்று பார்த்து வியக்கின்ற ஆடம்பரக் கார்களுள் ஒன்றே அது. ஆனால் பக்கத்துக்கு ஒரு கதவே அதிற் காணப்பட்டது. பின்கதவை மறந்துவிட்டான் என்று கருதிய ஆசிரியர் ஐந்து புள்ளிகளைக் குறைத்தார். மறக்கவில்லை என்று மாணவன் வாதிட்டான். வழக்கு என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

நான் கலைப் பட்டதாரி. இயந்திர நூல் கற்றவனல்லேன். எனினும் தீர்ப்புக் கூறுமுன் பொருளை அறிதல் வேண்டுமன்றோ? ஆகவே சில நாள் அதனை ஆராய்ந்தேன்.

நான்கு கதவுள்ள மூடிய காரைச் சலூன் என்கிறோம். இரு கதவுடன் தாழ்ந்து சரியும் கூரையும் உடையதைக் கூப்பே என்பர். கூப்பே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வெட்டப்பட்டது என்பது பொருள். குதிரை வண்டிக் காலத்திலே, எதிரெதிர் அமைந்த இரு இருக்கைகளுள் முன்னதை வெட்டி நீக்கிக் குறுக்கிய வண்டிக்கு அப்பெயர் இட்டனர். ஆகவே பிறக்கும்போதே இவ்வண்டி சிலருடைய இடத்தை நீக்கிவிட்டே பிறந்தது என்பதனை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

அங்ஙனமாயின், பெரிய சலூன் ஒன்றின் பின்கதவுகளைப் பற்றவைத்து மூடிவிட்டாற் கூப்பே ஆகிவிடுமோ எனின், ஆகாது. பின்னிருக்கைக்குச் செல்பவரும் முன்கதவு வழியே நுழையவேண்டியிருத்தலால் அக்கதவு நீளவேண்டும். கதவு நீண்டால் எடை மிகும். எடை மிகுந்தாற் பிணைச்சல்கள் வலுப்பெற வேண்டும். இரு கதவுகளுக்கும் இடையே நின்ற தூண் பின்னே நகரவேண்டும், அல்லது கண்ணாடி மட்டத்துக்குமேல் இல்லாதொழியவேண்டும். தூண் ஒழிந்தாற் கண்ணாடிகளை இறக்கியதும் பக்கம் முழுவதும் ஒரே திறப்பாகத் தோன்றும் அழகு பிறக்கும். ஆயினும் அத்தூண் வீட்டுக்கு நடுச்சுவர் போன்றது. அது போனபின் கூரையின் பாரத்தையும் முறுக்கத்தையும் தாங்கத் தரையும் விளிம்புச் சட்டங்களும் உறுதி பெறவேண்டும்.

இதனைச் செய்து பார்த்தவர் பலர். ஜெர்மனியின் மெர்சிடீஸ் பென்ஸ் நிறுவனம் 1959இல் 220 எஸ்.ஈ. சலூனையும், 1961இல் அதன் கூப்பேயையும் வெளியிட்டது. சில்லுகளுக்கிடைப்பட்ட தூரம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் தோற்றமோ வேறு. சலூனின் வால்துடுப்புகள் நீங்கின, நடுத்தூண் நீங்கியது. இங்கிலாந்தின் றோல்ஸ் றோய்ஸ் 1965இல் சில்வர் ஷடோவை அறிமுகஞ் செய்து, மறு ஆண்டே அதன் இரு கதவு வடிவையும் தந்தது. 1971இல் அவ்வடிவு கோர்னிஷ் என்னும் தனிப்பெயர் பெற்றது. கதவு இரண்டு குறைந்தது, விலையோ ஏறியது.

ஜாகுவார் நிறுவனம் பட்ட பாடு இன்னும் சுவையானது. 1968இல் வந்த எக்ஸ்.ஜே. சலூனுக்கு இரு கதவு வடிவொன்றை 1973இற் கண்காட்சியில் வைத்தனர். தூணில்லாமையாற் கண்ணாடியோடு கண்ணாடி பொருந்தும் இடத்திற் காற்று புகுந்து இரைந்தது. அதனைச் சீர்செய்து விற்பனைக்குக் கொணர 1975 ஆயிற்று. கூரையைக் கறுப்பு வினைல் உறையால் மூடி விற்றனர். ஏறக்குறைய 10,400 வண்டிகள் செய்ததோடு அம்முயற்சி முடிந்தது. வெட்டி நீக்குதல் எளிது. நீக்கியது செய்துவந்த வேலையை வேறொன்றாற் செய்வித்தலே அரிது என்பது இதனாற் பெறப்படும்.

இவை தூரதேசக் கதைகள். பாக்குநீரிணைக்கு அப்பால், தமிழ் நிலத்திலேயே, இதற்கு நேர்மாறானதொரு கதை உண்டு. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்ட் என்னும் சிறுகாரின் சலூனுக்கே இரண்டு கதவுகள்தாம். சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை கொண்டிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் அதனை 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரிற் செய்து விற்றது. தனி அடிச்சட்டத்தின்மேல் உடற்கூட்டைப் பகுதி பகுதியாகப் பொருத்திய வண்டியாதலின் வடிவை மாற்றுதல் இயல்வதாயிருந்தது. 1968இற் சென்னை ஹெரால்ட் நான்கு கதவு பெற்றது. இங்கிலாந்தில் அவ்வண்டிக்கு நான்கு கதவு ஒருபோதும் அமையவில்லை. அங்கே வெட்டியதை இங்கே ஒட்டினர். காரணம் தேட நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நம்மவர் வண்டியிற் பின்னிருக்கை மிச்சமான இடமன்று. சேலை உடுத்த தாயும், முழங்கால் நோகும் பாட்டியும், மடியிற் குழந்தையுமாக ஒரு குடும்பமே அமருமிடம் அது.

இதனை நான் ஏட்டிற் கற்கவில்லை. 1979ஆம் ஆண்டில், எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது, ஆலங்கேணியில் எங்கள் அம்மம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார். வாடகைக்குக் கிடைத்தது இரு கதவு மொறிஸ் மைனர் ஒன்றுதான். பின்னிருக்கையிற் படுக்கவைத்தால் நோவு குறையும் என்றார் பரியாரியார். முன்னிருக்கையை மடித்து, குறுக்கே சரித்து, எப்படி முயன்றும் அவரை உள்ளே கொண்டுசெல்ல முடியவில்லை. முடிவில் முன்னிருக்கையிலே இருத்தினார்கள். அம்மா பின்னாலிருந்து அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டார். கிண்ணியாவுக்கு 2009இல் வந்த பாலம் அக்காலத்தில் இல்லை. நாம் 'பாதை' என்றழைக்கும் மிதவையிலேதான் வண்டியை ஏற்றவேண்டும். அது அக்கரையில் நின்றது. அது வந்து சேரும்வரை வெயிலிற் காத்து நின்றோம். அம்மம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. கதவின் கைப்பிடியை மட்டும் விடாது பற்றியிருந்தார். அந்தக் கை இன்றும் என் கண்முன் நிற்கிறது.

ஆகவே மாணவனை அழைத்தபோது, என் தீர்ப்பு ஏறக்குறைய எழுதப்பட்டேயிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"தம்பி, இவ்வளவு பெரிய காரில் ஏன் இரண்டு கதவு?" என்று கேட்டேன்.

"வீட்டில் அம்மாவும் நானுந்தான், சேர். இரண்டு பேருக்கு இரண்டு கதவு போதும்" என்றான். அவன் தந்தை கத்தாரில் வேலை செய்கிறார், ஐந்தாண்டுகளாகின்றன.

"அப்பா வந்தால்?"

"அப்பா ஓட்டுவார். அம்மா பக்கத்தில் இருப்பா. நான் சீற்றை மடித்துவிட்டுப் பின்னுக்குப் போவேன். எனக்குக் குனியலாம், சேர்."

எனக்கு உடனே விடை சொல்லத் தோன்றவில்லை. மெர்சிடீஸ் பென்ஸும் ஜாகுவாரும் பற்றி நான் தேடி வைத்திருந்தவை யாவும் அவ்வொரு சொல்லின்முன் சிறுத்துப்போயின. கூப்பே என்பது யாரோ ஒருவரைக் குனியச் சொல்லும் வண்டி. அழகுக்காக அப்படிக் கேட்பதிற் குற்றமில்லை; எவர் குனிவார் என்று எண்ணாது கேட்பதே குற்றம். இவனோ எண்ணியிருந்தான், எண்ணி, குனியும் பொறுப்பைத் தானே ஏற்றிருந்தான்.

ஐந்து புள்ளிகளையும் திருப்பிக் கொடுக்கும்படி ஆசிரியரிடம் சொன்னேன். அவரும் மனமுவந்து கொடுத்தார். ஆனால் மாணவனுக்கு ஒரு வேலையும் இட்டேன். அதே காரை மறுபடியும் வரையவேண்டும். இம்முறை கூரையை நீக்கி, மேலிருந்து பார்ப்பதுபோல, ஒவ்வோர் இருக்கையிலும் யார் இருப்பர் என்று காட்டவேண்டும்.

மறுவாரம் கொண்டுவந்தான். முன்னே தந்தையும் தாயும், பின்னே அவன். அவனருகே இருந்த இடம் வெறுமையாயிருந்தது. "இது யாருக்கு?" என்று வினவினேன்.

"இன்னும் யோசிக்கேல்லை, சேர்" என்றான்.

யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.