விடுதிக்குப் போகும் பெட்டியில் என்ன இருக்கிறது?

(இந்த ஆண்டு கல்லூரியில் சேரும் மாணவர்களை வழியனுப்ப எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கூப்பிட்ட அண்ணன் ‘உயர்கல்வியும் சமூகநீதியும்’ என்று தலைப்புக் கொடுத்தார். அது பெரிய தலைப்பு. அடுத்த வாரம் உங்களில் பதினோரு பேர் விடுதிக்குப் போகிறீர்கள். அதனால் பெட்டியில் என்ன வைப்பது என்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் 2011இல் கல்லூரி விடுதிக்குப் போனேன். சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு தாளில் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். மெத்தை, தலையணை, இரண்டு படுக்கை விரிப்பு, பக்கெட், மக், பூட்டு, மேசை விளக்கு. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மெத்தையில் படுத்ததில்லை. அப்பா சந்தையில் ஒரு சுருட்டு மெத்தை வாங்கிவந்தார். ஒரு வாரக் கூலிக்கு மேல் ஆகியிருக்கும். அதைப் பிரித்துப் போட்டு, சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஒரு முறை படுத்துப் பார்த்த பிறகுதான் மறுபடி கட்டினோம்.

பெட்டி புதிதாக வாங்கவில்லை. பிளஸ் டூ வரை நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவள். அங்கே வைத்திருந்த தகரப் பெட்டியேதான். அடையாளத்துக்காக அதன் மூடியில் விடுதிப் பெயரையும் என் எண்ணையும் வெள்ளை பெயிண்டில் எழுதியிருந்தார்கள். பாலிடெக்னிக் படித்த என் அண்ணன் அதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போய் உப்புத்தாள் வாங்கிவந்து, வாசலில் உட்கார்ந்து அந்த எழுத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். முழுசாகப் போகவில்லை. அதன்மேல் ஒரு மயில் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்.

அம்மா சென்னாக்குனியை வறுத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து இடித்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து வைத்திருந்தார். அண்ணன் அதையும் எடுத்து வெளியே வைத்தார். “இது வேணாம்மா. ரூம்ல நாறும். கேப்பாங்க.”

நாற்றத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அம்மா பதில் பேசாமல் அந்த பாட்டிலை அடுப்படிக்கு எடுத்துப்போய்விட்டு, பருப்புப் பொடி கட்டிக்கொடுத்தார். குடும்பத்தோடு எடுத்த ஒரு போட்டோ இருந்தது. அதில் பின்னால் சுவரில் அம்பேத்கர் காலண்டர் தெரிகிறது. அதை நானே எடுத்து வைத்துவிட்டேன், யாரும் சொல்லாமலே.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் வீட்டில் இந்த வாரம் இதுதான் நடந்துகொண்டிருக்கும். பெட்டியில் வைத்தது பாதி, எடுத்தது பாதி. எடுக்கச் சொல்பவர் மேல் கோபப்படாதீர்கள். என் அண்ணன் மூன்று வருடம் பட்டுவிட்டு வந்துதான் அந்த உப்புத்தாளை வாங்கினார்.

இத்தனை செய்தும் பலன் இருந்ததா? முதல் நாள் இரவே அறையில் கேட்டுவிட்டார்கள். “எந்த ஊரு?” சொன்னேன். “ஊர்லயா, காலனியா?” பெருமாள் கோயில் தெரு என்று சொன்னேன். எங்கள் ஊரில் அந்தத் தெருவுக்குள் நான் அப்போது நாலைந்து முறைதான் போயிருப்பேன். இரண்டு மாதம் கழித்து அலுவலகத்தில் உதவித்தொகைப் பட்டியல் ஒட்டினார்கள். பெயர், துறை, அறை எண், பக்கத்திலேயே எஸ்.சி. என்று. விடுதி முழுவதும் சாப்பிடப் போகும் வழியில் நின்று படித்தது. அந்த வாரமே என் அறையில் இருந்த ஒரு பெண் வேறு அறைக்கு மாறிக்கொண்டாள். தன் கட்டிலுக்கு ஃபேன் காற்று வரவில்லை என்று காரணம் சொன்னாள்.

இது என் கதை மட்டும் இல்லை, புதிய கதையும் இல்லை. பாபாசாகேப் சிறுவனாகப் பள்ளிக்குத் தினமும் எடுத்துப்போன பொருள் ஒரு கோணித்துண்டு. மற்ற பிள்ளைகளோடு உட்காரக்கூடாது, தனியாக அதைப் போட்டுத்தான் உட்கார வேண்டும். பள்ளியைப் பெருக்கும் வேலையாள் அதைத் தொடமாட்டார் என்பதால் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிவந்து மறுநாள் கொண்டுபோக வேண்டும். அவரே எழுதியிருக்கிறார்.

அதே பிள்ளை 1913இல், 22 வயதில், நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஹார்ட்லி ஹால் விடுதிக்குப் பெட்டியோடு போய் இறங்கினார். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் அங்கிருந்து மாறி, பிறகு லிவிங்ஸ்டன் ஹாலில் நவல் பதேனா என்ற பார்சி நண்பரோடு தங்கினார். அந்த நட்பு கடைசிவரை இருந்தது. ஒரு நல்ல அறைத்தோழர் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தபோது தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர் மூட்டை முடிச்சோடு ஒரு பூங்காவில் உட்கார்ந்து பம்பாய் ரயிலுக்குக் காத்திருந்தார்.

இப்போதெல்லாம் அப்படி யார் செய்கிறார்கள் என்பார்கள். தடி எடுத்துக்கொண்டு வருவது குறைந்திருக்கலாம். டெல்லி எய்ம்ஸில் பட்டியலின, பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று சுகதேவ் தோரட் தலைமையிலான குழு விசாரித்து 2007இல் அறிக்கை கொடுத்தது. தொல்லை தாங்காமல் அந்த மாணவர்கள் அறையை மாற்றிக்கொண்டு விடுதியின் குறிப்பிட்ட தளங்களில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நாட்டின் முதல் வரிசை மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே ஒரு சேரி. 2023இல் பம்பாய் ஐ.ஐ.டி. விடுதி உணவுக்கூடத்தில் சைவத்துக்குத் தனி மேசைகள் ஒதுக்கினார்கள். அதை எதிர்த்த ஒரு மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். என் அம்மா எடுத்து வைத்த ஹார்லிக்ஸ் பாட்டில் எனக்கு அப்போதுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

2016 ஜனவரித் தொடக்கத்தில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ரோகித் வெமுலா அம்பேத்கர் படத்தைக் கையில் பிடித்தபடி நடந்துவருகிறார். வளாகத்திலேயே திறந்த வெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு ‘வெலிவாடா’, அதாவது ஊருக்கு வெளியே உள்ள சேரி, என்று பெயர் வைத்தார்கள். அவருடைய உதவித்தொகை அதற்கு முன்பே பல மாதங்களாக வரவில்லை. ஜனவரி 17 அன்று நாம் அவரை இழந்தோம். எத்தனையோ பேர் எடுத்து வெளியே வைத்துவிட்டு வரும் படத்தை அவர் உள்ளே கொண்டுபோயிருந்தார், வெளியே வரும்போதும் கையிலேயே கொண்டுவந்தார். நானும் ஆய்வு மாணவிதான். என் அறைச் சாவியைப் பார்க்கும்போது சில நாள் அந்தப் படம் வந்து போகும்.

பயமுறுத்தப் பேசவில்லை. போங்கள், போய்த்தான் ஆக வேண்டும். நம் தாத்தா காலத்தில் விடுதி என்ற ஒன்று நம்மவர்களுக்குக் கிடைப்பதே போராட்டமாக இருந்தது. சிதம்பரத்தில் சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கி நம் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் படிக்கவைத்தார். அரசு விடுதிகளுக்கு 2025இல் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நல்ல பெயர்தான். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும்.

என் பெட்டியில் அன்றைக்கு யாரும் வைக்காமல் விட்டது ஒரு கோப்பு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், ஆதார், உங்கள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம். எல்லாவற்றிலும் ஐந்து நகல். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள், உதவித்தொகை அங்கேதான் தடுக்கும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்று யு.ஜி.சி. 2018இல் அறிவித்திருக்கிறது. நான் பணம் கட்டத் தாமதமானதால் என் டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரு வருடம் பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. விடுதியில் தங்குபவர்களுக்குப் பராமரிப்புப் படி கூடுதல். தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேர்பவர்கள் 2012ஆம் ஆண்டின் அரசாணை எண் 92ஐ அச்செடுத்துக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். கட்டாயக் கட்டணங்களை அரசு ஏற்பது பற்றிய ஆணை அது. அலுவலகத்தில் வாயால் சொன்னால் “அப்படி ஒண்ணும் இல்லையே” என்பார்கள். தாளை நீட்டினால் உள்ளே போய் யாரையாவது கேட்டுவிட்டு வருவார்கள்.

இன்னொன்று, பாகுபாட்டைத் தடுக்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி.யின் 2012 விதிமுறைகள் சொல்கின்றன. பல இடங்களில் அது காகிதத்தில்தான் இருக்கிறது. அதை உண்மையாக நடைமுறைப்படுத்தச் சொல்லி ரோகித்தின் அம்மா ராதிகாவும், மும்பையில் மருத்துவ மேற்படிப்பில் இருந்தபோது 2019இல் நாம் இழந்த பாயல் தாட்வியின் அம்மா ஆபிதாவும் அதே ஆண்டு உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். உங்கள் கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று முதல் வாரத்தில் சாதாரணமாக விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்தில் உங்கள் சீனியர் ஒருவர், இங்கே படிப்பகத்தில் ஒருவர், இரண்டு பேரின் எண்ணும் இருக்கட்டும். போன் சார்ஜ் போகும், திருடும் போகும். தாளில் எழுதுங்கள்.

நேற்று என் பெரியம்மா பேத்தி கேட்டாள், அவளும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்: “அக்கா, அம்பேத்கர் படம் எடுத்துட்டுப் போகட்டுமா?” எடுத்துக்கொள் என்று சட்டெனச் சொல்ல எனக்கு வரவில்லை. அறையில் தனியாக இருக்கப்போவது அவள், மேடையில் பேசிவிட்டு வீட்டுக்குப் போகப்போவது நான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் காத்திருக்கவில்லை. படத்தைக் கோப்புக்குள் சான்றிதழ்களோடு வைத்துக்கொண்டாள். “ரூம்ல யாரு யாரு இருக்காங்கன்னு பாத்துட்டு ஒட்டிக்கறேன்” என்றாள்.

நகல் எடுக்க வேண்டியவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை இங்கே வாருங்கள். மெஷின் ரிப்பேர் பார்த்தாகிவிட்டது, காசு வேண்டாம். சென்னாக்குனிப் பொடி வேண்டும் என்பவர்கள் என் அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தத் தடவை இரண்டு பாட்டில் இடித்து வைத்திருக்கிறார்.