புகை யாருடையது? வெயில் யார் தலையில்?

தோழர்களே!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வெயிலைப் பற்றி. "வெயிலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? சித்திரை வைகாசி என்றால் காயத்தானே செய்யும்?" என்று சிலர் நினைக்கலாம். காயும்தான், நம் பாட்டன் காலத்திலும் காய்ந்தது. ஆனால் இப்போது காய்கிற வெயிலில் ஒரு பகுதி மனிதன் உண்டாக்கியது. அதை உண்டாக்கியவர்கள் யார்? அதில் வேகிறவர்கள் யார்? அதை நிறுத்த வழி என்ன? அந்தச் செலவு யாரைச் சேர வேண்டும்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தேடுவதுதான் இன்றைய பேச்சு.

போர்வை தடிக்கிறது

மார்கழி இரவில் வானம் தெளிந்து நட்சத்திரம் கொட்டிக் கிடந்தால் குளிர் வாட்டுகிறது. விடியற்காலையில் பனி இறங்குகிறது. அதே மார்கழியில் மேகம் மூடிய இரவில் அவ்வளவு குளிர் இல்லை. காரணம் என்ன? பகலில் சூடேறிய பூமி இரவில் அந்தச் சூட்டை வானத்துக்குத் திருப்பி விடுகிறது. மேகம் இருந்தால் அது சூட்டை மறித்து, கொஞ்சத்தைக் கீழேயே அனுப்பிவிடுகிறது. காற்றில் கலந்திருக்கும் கரியமில வாயுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் மேகம் காலையில் கலைந்துவிடும். கரியமில வாயு அப்படிக் கலையாது. இன்று ஒரு புகைபோக்கியிலிருந்து போகும் வாயுவில் ஒரு பகுதி, நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வானத்தில் இருக்கும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. 1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு அடைத்த குழாய்தான் அதிகம் சூடேறியது. 1896-ல் ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி அர்ரேனியஸ், நிலக்கரியை எரித்துக்கொண்டே போனால் பூமி சூடேறும் என்று கணக்குப் போட்டே காட்டினார். 1958-ல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலைமேல் கருவி வைத்துக் காற்றை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. நீராவி எந்திரங்கள் பெருகுவதற்கு முன்னால் சுமார் 280 பங்குதான். 2024-ல் அது 420-ஐத் தாண்டிவிட்டது.

விளைவு என்ன? அளந்து பதிந்த வருஷங்களிலேயே 2024-தான் மிக வெப்பமானது. 1850-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட சராசரியை விட அந்த ஒரு வருஷம் ஏறத்தாழ ஒன்றரை டிகிரி அதிகம். "ஒன்றரை டிகிரிதானே?" என்று கேட்கலாம். நம் உடம்பில் ஒன்றரை டிகிரி ஏறினால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறோம் அல்லவா? பூமிக்கு வந்திருப்பதும் அப்படிப்பட்ட காய்ச்சல்தான்.

எங்கே உறைக்கிறது?

பஞ்சாலைத் தோழர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நூல் அறாமலிருக்க ஸ்பின்னிங் இலாகாவில் காற்றை ஈரமாக வைத்திருப்பார்கள். அங்கே வியர்வை வழியும், ஆனால் காயாது. உடம்பைக் குளிரச் செய்வது வியர்வை வழிவதல்ல, அது காய்வதுதான். காயாவிட்டால் உடம்புச் சூடு உள்ளேயே தங்கும். தலை சுற்றும், வாந்தி வரும், சில வேளை உயிரும் போகும். நடவு வயலில் குனிந்து நிற்கும் சகோதரிக்கும் இதே கதிதான். மேலே வெயில், கீழே தண்ணீர், சுற்றிலும் ஈரக் காற்று. ஏ.சி. அறையில் இருப்பவருக்கு உஷ்ணம் ஒரு செய்தி. நமக்கோ அது கூலிக் கணக்கு.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2030-க்குள் உலகத்தின் மொத்த வேலை நேரத்தில் 2.2 சதவிகிதம் உஷ்ணத்தால் பறிபோகும், இது 8 கோடிப் பேரின் முழு வேலைக்குச் சமம் என்று அது மதிப்பிட்டது. அந்த இழப்பில் அறுபது சதவிகிதம் விவசாய வேலையில். இந்தியாவின் பங்கு மட்டும் 3 கோடியே 40 லட்சம் பேரின் வேலைக்குச் சமம். வேலை நேரம் போனால் யாருடைய கூலி போகும்? பதில் சொல்லத் தேவையில்லை.

யார் விட்ட புகை?

லங்காஷயர் பஞ்சாலைகளின் புகைபோக்கிகளில் தொடங்கியது இந்தக் கதை. அன்று முதல் இன்று வரை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வானத்தில் ஏறிய கரியமில வாயுவைக் கூட்டிப் பார்த்தால், அதில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்கா ஒன்றே விட்டது. உலக ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாழும் இந்தியாவின் பங்கு சுமார் மூன்று சதவிகிதம். இன்றைக்கும் தலைக்கு ஒரு வருஷத்தில் அமெரிக்கர் விடுவது சுமார் 14 டன். இந்தியர் விடுவது சுமார் 2 டன்.

அந்த இரண்டு டன்னும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டது அல்ல. நான்கு காரும் விமானப் பயணமுமாக இருப்பவரையும், ஒற்றை விளக்கு எரியும் குடிசையையும் கூட்டி வகுத்தால் வருகிற சராசரி அது. உலகத்தில் பணக்காரப் பத்து சதவிகிதம் பேர்தான் மொத்தப் புகையில் ஏறத்தாழ பாதிக்குப் பொறுப்பு.

உலகம் என்ன செய்தது?

"தேசங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடிக்குமா?" என்ற சந்தேகம் நியாயமானதே. ஒரு முறை செய்திருக்கின்றன. குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட சில வாயுக்கள் வானத்து ஓசோன் படலத்தைத் தின்கின்றன என்று தெரிந்தது. 1987-ல் மாண்ட்ரீல் நகரில் ஒப்பந்தம் செய்தார்கள். 1990-ல் ஏழை நாடுகள் மாற்று வாயுவுக்கு மாறுவதற்காக, பணக்கார நாடுகள் பணம் போடும் நிதி ஒன்றை ஏற்படுத்தினார்கள். பிறகு உலகத்தின் எல்லா தேசங்களும் கையெழுத்திட்டன. படலம் இன்று மெல்ல மெல்லத் தேறி வருகிறது. பணம் யார் போடுவது என்று தீர்ந்ததும் காரியம் நடந்தது. இதை நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கரியமில வாயு விஷயத்தில் அந்தக் கேள்விதான் தீரவில்லை. 1992-ல் ரியோவில் கூடினார்கள், 1997-ல் கியோட்டோவில், 2015-ல் பாரிசில். உஷ்ண ஏற்றத்தை 2 டிகிரிக்கு வெகுவாகக் கீழே நிறுத்துவது, ஒன்றரை டிகிரியில் நிறுத்த முயல்வது என்று பாரிசில் தீர்மானித்தார்கள். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை விட்டு விலக வேண்டும் என்று உலக மாநாடு வாய் திறந்து சொன்னது 2023-ல், துபாயில். ரியோவிலிருந்து எண்ணினால் முப்பத்தொரு வருஷம்!

பணக்கார நாடுகள் 2020-க்குள் வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவோம் என்று 2009-ல் வாக்களித்தன. இரண்டு வருஷம் தாமதித்து, 2022-ல்தான் அந்தத் தொகை எட்டியது. அதிலும் பெரும்பகுதி கடன். வீட்டைக் கொளுத்தியவன், தண்ணீர்க் குடத்தை வட்டிக்குக் கொடுத்த கதை! 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்தே விலக உத்தரவிட்டார்.

ஆனாலும் நம்பிக்கைக்கு இடம் இருக்கிறது. சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு 2010-லிருந்து ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டது. 1882-ல் லண்டனில் நிலக்கரி மின்நிலையத்தைத் தொடங்கிய பிரிட்டன், 2024 செப்டம்பர் 30-ல் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விட்டால் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சம். ஆகவே வழி தெரியாமல் உலகம் தவிக்கவில்லை.

சுரங்கம் மூடும்போது

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நிலக்கரியை விடுவது என்றால் நிலக்கரி வெட்டுகிறவர் என்ன ஆவார்? இதற்கு உலகம் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

முதல் பதில் பிரிட்டனுடையது. 1984 மார்ச்சிலிருந்து 1985 மார்ச் வரை சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் அசையவில்லை. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன, ஊர்கள் வெறிச்சோடின. அன்று மூடியது பூமியின் காய்ச்சலைத் தணிக்க அல்ல. லாபக் கணக்குப் பார்த்து. ஆனால் காரணம் எதுவானாலும், ஏற்பாடில்லாமல் மூடினால் இதுதான் நடக்கும்.

இரண்டாவது பதில் ஜெர்மனியின் ரூர் பிரதேசத்தில் கிடைத்தது. 1957-ல் ஜெர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 6 லட்சம் பேர் வேலை செய்தார்கள். அங்கே 1951 முதலே சுரங்கக் கம்பெனிகளின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சட்டப்படி இடம் உண்டு. சுரங்கங்களைப் படிப்படியாக, தேதி சொல்லி மூடினார்கள். வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு ஊதியம், மற்றவர்களுக்கு வேறு சுரங்கத்திலோ வேறு தொழிலிலோ இடம், பயிற்சி. சுரங்க ஊர்களுக்குப் புதிய சர்வகலாசாலைகள் வந்தன. கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பர் 21-ல் போட்ரோப் நகரில் மூடியது. அங்கே எல்லாம் பொன்னாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ரூர் நகரங்கள் சிலவற்றில் வேலையின்மை இன்றும் அதிகம். ஆனால் சுரங்கத்தை மூடியதும் தொழிலாளியைத் தெருவில் தள்ளவில்லை. அதே 2018-ல் ஸ்பெயின் நாட்டுத் தொழிற்சங்கங்களும் 25 கோடி யூரோ ஒதுக்கும்படி சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகுதான் சுரங்கங்கள் மூடப்பட்டன.

சங்கம் மேஜையில் உட்கார்ந்த இடத்தில் ஒரு முடிவு. உட்கார விடாத இடத்தில் வேறொரு முடிவு. அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் டோனி மஸ்ஸோக்கி இதை முன்பே உணர்ந்தார். நாட்டின் நன்மைக்காக ஓர் ஆலையை மூடினால், அந்தத் தொழிலாளியின் வாழ்க்கைக்கு நாடே பொறுப்பு என்று அவர் வாதாடினார். அந்தக் கருத்து வளர்ந்து, பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே தொழிலாளர்களுக்கு நியாயமான மாற்றம் வேண்டும் என்ற வாசகமாக இடம்பெற்றது. முகவுரையில் இருப்பது நம் வீட்டு அடுப்புக்கு வந்து சேர வேண்டுமானால் நாம் கேட்டாக வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: உச்சி வெயிலில் கூலி குறையாத ஓய்வு, நிழல், குடிதண்ணீர். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் போய் உழைக்கும் கத்தாரில்கூட 2021 முதல், ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பகல் 3.30 மணி வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. அது நல்லதே. ஆனால் அது செத்த பிறகு வரும் பணம். சாகாமல் வேலை செய்ய ஏற்பாடு வேண்டும்.

இரண்டு: நெய்வேலியானாலும் தன்பாத் ஆனாலும், நிலக்கரியிலிருந்து மாறும் திட்டம் எழுதப்படும்போது தொழிலாளர் பிரதிநிதிகள் அங்கே இருக்க வேண்டும். நிரந்தரத் தொழிலாளியோடு ஒப்பந்தத் தொழிலாளிக்கும், லாரி ஓட்டுகிறவருக்கும், சுரங்க வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

மூன்று: புகையை அதிகம் விட்ட நாடுகள், கடனாக அல்லாமல், கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வேண்டும்.

தோழர்களே! வெயில் கூடினால் நாம் வேகிறோம். வெயிலைக் குறைக்கப் போனால் நம் வேலை போகும் என்று பயமுறுத்துகிறார்கள். இரண்டில் ஒன்றைத்தான் பொறுக்க வேண்டும் என்பது பொய். ரூரில் சுரங்கமும் மூடியது, குடும்பமும் பிழைத்தது. அது தானாக நடக்கவில்லை, கேட்டவர்களுக்கு நடந்தது. அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலி, போனஸோடு வெயிலையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்து எழுதுவோம். அங்கிருந்து தொடங்குவோம்.