நந்தன் ஏறிய மேடை



கே.ஏ. குணசேகரனின் நினைவாக நெடுங்காட்டில் கூடியிருக்கிறோம். அரங்க வரலாறு என்றால் நம் பாடநூல்கள் கிரேக்கத்தில் தொடங்கி, நாட்டிய சாஸ்திரத்தைத் தொட்டு, ஷேக்ஸ்பியருக்குப் போய்விடுகின்றன. அந்த வரலாற்றிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: யாருடைய கதை, யாருடைய வாயால்?

வேதம் கேட்கும் உரிமை மறுக்கப்பட்ட சூத்திரர்களுக்கும் உரியதாக நாடகம் ஐந்தாம் வேதமாகப் படைக்கப்பட்டது என்கிறது நாட்டிய சாஸ்திரம். முதல் நாடகமே அசுரர்களைத் தேவர்கள் வென்ற கதை. தங்கள் தோல்வியைத் தாங்களே வேடிக்கை பார்க்கச் சம்மதிக்காத அசுரர்கள் ஆட்டத்தைத் தடுத்தார்கள். இந்திரன் கொடிக்கம்பால் அவர்களை அடித்து நொறுக்கினான். நூலின் முடிவில், முனிவர்களைக் கேலி செய்த நடிகர்கள் சூத்திரர்களாகும்படி சபிக்கப்படுகிறார்கள். பார்க்கலாம், எதிர்த்தால் அடி, கேலி செய்தால் சாபம்.

மற்ற நாடுகளும் நடிகரை மதித்துவிடவில்லை. ரோமானியச் சட்டம் அவர்களை இழிந்தோராக வைத்தது. கியோட்டோவின் ஆற்றுப்படுகையில் பிறந்த கபுகியின் கலைஞர்களை 'ஆற்றுப்படுகை ஆட்கள்' என்று ஏசினார்கள். 1673-இல் மோலியர் இறந்தபோது பாரிஸ் தேவாலயம் அடக்கம் செய்ய மறுத்தது. மன்னர் தலையிட்ட பிறகு இரவில் புதைத்தார்கள். ஆனால் மோலியரின் இழிவு தொழிலோடு வந்தது, தொழிலைக் கைவிட்டால் போயிருக்கும். நம்மில் பறையைக் கீழே வைத்தவரின் தோளிலிருந்தும் சாதி இறங்கவில்லை.

இனி நம் காரைக்காலுக்கு வருவோம். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860-களின் தொடக்கத்தில் அச்சேறியது, இங்கிருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவால்தான். பெரியபுராணத்தில் நந்தனுக்கு வேதியர் பண்ணையார் கிடையாது. பாரதிதான் அவரைக் கொண்டுவந்தார். சிதம்பரம் போக விடுப்புக் கேட்கும் பண்ணையாள், வயல் வேலையைக் காட்டி மறுக்கும் ஆண்டை: டெல்டாவின் உழைப்புச் சுரண்டல் பாட்டில் கேட்டது. அதனால்தான் அந்தக் கதை கதாகாலட்சேபத்திலிருந்து நாடகத்துக்கும், அங்கிருந்து திரைப்படத்துக்கும் போனது.

பாரதியின் துணிவை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் நாற்பது வேலி நிலத்தின் வேலையை ஒரே இரவில் முடித்துக் கொடுத்தது தெய்வம். கூலியும் நிலமும் கேட்கப்படவே இல்லை. முடிவில் நந்தன் தீயில் புகுந்து தூய்மையானான் என்று சபை கண்ணீர் விட்டது. இதே டெல்டாவில் 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்தத் தீயிலிருந்து யாரும் முனிவராக எழுந்து வரவில்லை. 1978-இல் இந்திரா பார்த்தசாரதி 'நந்தன் கதை'யை எழுதியபோது, அந்தத் தீ சதியாகக் காட்டப்பட்டது. அதுவும் நமக்காகப் பிறர் எழுதியதுதான்.

நாமே பேசிய மரபும் உண்டு. ஜோதிராவ் புலே 1855-இலேயே 'திருதீய ரத்னா' நாடகத்தில், ஏழைக் குடியானவரைப் புரோகிதர் ஏய்ப்பதை எழுதினார். மராட்டியத்தில் தமாஷா ஆடிய மகர் கலைஞர்கள் அதே ஆட்டத்தை அம்பேத்கரிய ஜல்சாவாக மாற்றினார்கள். மற்றவர் பொழுதுபோக்குக்கு ஆடிய கால்கள் சொந்த அரசியலுக்கு ஆடின.

தமிழில் அந்த வேலையைச் செய்தவர்களில் முன்னவர் குணசேகரன். 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார். 'பலி ஆடுகள்' நாடகத்தைத் தந்தார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்தார். 'வடு'வில் தன் வாழ்க்கையைத் தானே சொன்னார். சாவு வீட்டுக் கட்டாயமாக இருந்த பறையை மேடையின் நடுவில் வைத்தவர்களில் அவரும் ஒருவர்.

இன்று கல்லூரி விழாக்களில் பறை ஒலிக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் விழாவில் கைதட்டு வாங்கும் அதே பறையை, ஊரில் இழவுக்கு அடிக்க மறுப்பவர் என்ன விலை கொடுக்கிறார் என்பதை அந்த மேடை கேட்பதில்லை.

மாணவர்களிடம் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். உங்கள் சேரியின் மூத்தவர்களிடம் போய் உட்காருங்கள். யாரெல்லாம் கூத்துக் கட்டினார்கள், என்ன வேடம் போட்டார்கள், யார் எப்போது சாவுக்குப் பறையடிக்க மாட்டேன் என்று சொன்னார்கள், அன்று ஊர் என்ன செய்தது என்று கேட்டு எழுதுங்கள். மாட்டேன் என்று சொன்ன அந்த நாளும் அரங்க வரலாற்றில் ஒரு காட்சி. அதை நாம் எழுதாவிட்டால், நம் கதையை இன்னொருவர் தீயில் கொண்டுபோய் முடிப்பார்.

ஜெய்பீம்.