வளையலும் ஆண்மையும்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



வேலைநிறுத்தத்துக்கு வரத் தயங்குகிற தொழிலாளியை ஆலை கேட்டில் நாம் என்ன சொல்லி ஏசுகிறோம்? "பொட்டை" என்கிறோம். "நாங்கள் வளையல் போட்டுக் கொண்டிருக்கவில்லை" என்று மேடையில் முழங்குகிறோம், கைதட்டலும் கிடைக்கிறது. வளையலணிந்த பஞ்சாலைப் பெண்களும் நாற்று நடும் தாய்மார்களும் அதே கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். போலீஸ் தடியடிக்கு அவர்கள் ஓடியதில்லை. இந்த வெட்கக்கேட்டிலிருந்துதான் இன்றைய விஷயத்தைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆணிடம் நாட்டம் கொள்ளும் ஆணைக் கண்டால் மற்ற ஆண்களுக்கு ஏன் இத்தனை ஆத்திரம்? அவன் நம் கூலியில் ஒரு காசு பிடித்ததில்லை. அமெரிக்க மனோதத்துவ அறிஞர் கிரிகரி ஹெரெக் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில், இந்த வெறுப்பு பெண்களைவிட ஆண்களிடமே கடுமையாக இருப்பது தெரியவந்தது. காரணத்தை நம் வீட்டிலேயே பார்க்கலாம். அழுகிற சிறுவனை "பொம்பளை மாதிரி அழாதே" என்று அதட்டுகிறோம். அன்று முதல் அவன் தன் ஆண்மையை மற்ற ஆண்கள் முன்னால் தினந்தோறும் நிரூபித்துக் கொண்டிருக்க வேண்டும். டீக்கடையில் எவனையாவது கேலி செய்தால் உரக்கச் சிரிக்கிறான். சிரிக்காவிட்டால் தன்னையும் அப்படி நினைத்துவிடுவார்களோ என்ற பயம்! நாமும் அப்படிச் சிரித்தவர்கள்தாம்.

இந்தப் பயம் அசைந்த ஓர் இடத்தைச் சொல்கிறோம். 1984 மார்ச்சில், 20 சுரங்கங்களை மூடி 20,000 பேரை வெளியேற்ற தாட்சர் சர்க்கார் முனைந்தபோது பிரிட்டிஷ் நிலக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சங்கத்தின் நிதியைக் கோர்ட்டு முடக்கியது. குடும்பங்கள் பட்டினியை எதிர்நோக்கின. அப்போது லண்டனில் உண்டியல் ஏந்தியவர்களில் ஒருவர் மார்க் ஆஷ்டன். இளம் கம்யூனிஸ்ட் கழகத் தோழர், தன்பாலின நாட்டமுடையவர். அவரும் நண்பர்களும் அமைத்த ஆதரவுக் குழு வேல்ஸ் நாட்டின் டுலைஸ் பள்ளத்தாக்குக்குப் பணம் சேர்த்தது. தங்களை ஏசும் சொல்லையே தலைப்பாக வைத்து 1984 டிசம்பர் 10 அன்று அவர்கள் நடத்திய இசை நிகழ்ச்சியில் மட்டும் 5,650 பவுன் திரண்டது.

சுரங்க ஊர் என்றால் ஆண்மைக்குப் பேர்போன ஊர். "இவர்கள் பணத்தை வாங்கினால் ஊர் சிரிக்காதா?" என்ற தயக்கம் அங்கும் இருந்தது. ஆனாலும் அழைத்தார்கள். லண்டன்காரர்கள் ஆன்ல்வின் தொழிலாளர் மண்டபத்துக்கு வந்தார்கள், தொழிலாளர் வீடுகளிலேயே தங்கினார்கள், சேர்ந்து குடித்து ஆடினார்கள். போலீசும் பத்திரிகைகளும் இரு தரப்பையும் ஒரே மாதிரி நடத்தியதைப் பேசிப் பேசிக் கண்டுகொண்டார்கள். சரிசமமாக நின்று, ஒரே நோக்கத்துக்காக ஒத்துழைக்கும்போது துவேஷம் தளரும் என்று கார்டன் ஆல்போர்ட் 1954லேயே எழுதியிருந்தார். அறிவுரை செய்யாததை அடுப்படிச் சாப்பாடு செய்தது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் ஜூன் 29 அன்று லண்டனில் தன்பாலின நாட்டமுடையோர் நடத்திய ஊர்வலத்தின் முன்வரிசையில், சங்கக் கொடியோடு சுரங்கத் தொழிலாளர்கள் நடந்தார்கள். அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில் அவர்களின் உரிமைத் தீர்மானம் நிறைவேறச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் வாக்களித்தது. ஆஷ்டன் 1987 பிப்ரவரியில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். வயது 26.

நம் இயக்கத்தின் கணக்கும் சுத்தமானதல்ல. 1922 சோவியத் ரஷ்யச் சட்டத்தில் இது குற்றமாக இல்லை. 1934ல் மீண்டும் குற்றமாக்கினார்கள். நமது நாட்டிலோ, வெள்ளையன் 1860ல் எழுதிய 377ஆவது பிரிவு, வயது வந்தோரின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்ல 2018 செப்டம்பர் 6 வரை ஆயிற்று.

சட்டம் போயிற்று, கேட்டில் அந்த வசவு இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் பேசவிருக்கும் தோழர்கள் வளையலைத் தொடாமல் பேசிப் பாருங்கள். இப்போது கேள்விகளைக் கேட்கலாம்.