ஃபில்டரைக் கழுவுங்கள், உறையைக் கழுவிவிடாதீர்கள்

(குடியிருப்போர் நலச் சங்கக் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மீன்தொட்டி உள்ள பல வீடுகளில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தொட்டியையும் ஃபில்டரையும் பளிச்சென்று கழுவுவார்கள். வியாழக்கிழமைக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு ஒவ்வொன்றாகச் செத்து மிதக்கும். பிள்ளைகள் அழுவார்கள். "கடைக்கார அண்ணாச்சி ஏமாத்திட்டார்" என்பார்கள். "நமக்கு மீன் ராசி இல்லை" என்பார்கள். பல சமயம் காரணம் இரண்டுமே இல்லை. ஃபில்டரை அளவுக்கு மீறிச் சுத்தம் செய்ததுதான்.

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியா வரும். அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டால் அவ்வளவு கெடுதல் இல்லை. வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். மண்ணிலும் ஆற்றிலும் இதே வேலை நடக்கிறது. 1890-ஐ ஒட்டி இந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி செர்கெய் வினோகிராட்ஸ்கி.

இவை தண்ணீரில் மிதப்பதைவிட எதிலாவது ஒட்டி வாழ்வதே அதிகம். குறுக்குத்துறையில் படியிறங்கிக் குளித்தவர்களுக்குக் காலடியில் கல் வழுக்கியது நினைவிருக்கும். பாசியும் பாக்டீரியாவும் சேர்ந்த படலம் அது. உங்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் இருக்கிற பழுப்பு வழவழப்பும் அப்படிப்பட்ட ஒரு படலம்தான். அழுக்கோடு அழுக்காக உயிரும் அங்கே இருக்கிறது.

தயிர்ப் பாத்திரத்தை ஒட்டக் கழுவிவிட்டால் மறுநாள் உறைக்கு எங்கே போவது? ஃபில்டரும் அப்படித்தான். அதிலும் இவை மெதுவாகப் பெருகுபவை. சாதாரணக் குடல் பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு அரை நாளாவது வேண்டும். பல சமயம் அதற்கும் மேல். புதுத் தொட்டியில் இவை நிலைபெற 4 முதல் 6 வாரம் ஆவது அதனால்தான்.

நம் குழாயில் வருவது குளோரின் கலந்த தாமிரபரணித் தண்ணீர். குளோரின் கலந்த குடிநீரில், குழாய் முனையிலும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். கிருமி நம்மைத் தாக்காமல் இருக்க அது அவசியம். ஆனால் கெட்ட கிருமி, நல்ல பாக்டீரியா என்று குளோரினுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தண்ணீர் மாற்றும்போது தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுங்கள். சோப்பு படாத வாளியாக இருக்கட்டும். ஸ்பாஞ்சை அதில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும். வெள்ளையாகும் வரை கசக்க வேண்டாம். செராமிக் வளையங்களை லேசாக அலசுங்கள். ஸ்பாஞ்சு இற்றுப்போனால் பழையதோடு புதியதையும் சில வாரம் சேர்த்து ஓடவிட்டு, பிறகு பழையதை எடுங்கள். ஃபில்டர் கழுவுகிற அன்றே கூழாங்கற்களையும் அள்ளிக் கழுவாதீர்கள். தொட்டியில் புதிதாக ஊற்றும் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்திருந்து ஊற்றுங்கள். அல்லது மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டுகளைச் சேருங்கள்.

மின்தடை பல மணி நேரம் நீண்டால், மூடிய ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். ஃபில்டரைத் திறந்து ஸ்பாஞ்சைத் தொட்டிக்குள் போட்டு வையுங்கள். மின்சாரம் வந்ததும், உள்ளே தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு ஓடவிடுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மேல்நிலைத் தொட்டியை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவும் தேதியை இரண்டு நாள் முன்பே வாட்ஸ்அப் குழுவில் அறிவியுங்கள். மீன் வளர்ப்பவர்கள் அதற்கு முன்பே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு மூன்று நாள் தொட்டிப் பக்கம் குழாய்த் தண்ணீரைக் கொண்டுபோக மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அடுத்த வீட்டில் உறைமோர் வாங்குவது நமக்குப் புதிதல்ல. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள், மீன்கள் நோயில்லாமல் இருக்கும் வீட்டில் பழைய ஸ்பாஞ்சு ஒரு துண்டு கேளுங்கள். ஈரம் காயாமல் கொண்டுபோய் உங்கள் ஃபில்டரில் வையுங்கள். வாரக்கணக்கான காத்திருப்பு குறையும். கேட்பவருக்குக் கொடுக்கத் தயங்காதீர்கள். கொடுத்த இடத்தில் மறுபடி வளர்ந்துவிடும்.