ஐ.ஐ.டி. வாசலும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளையும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



கூலி, பஞ்சப்படி, போனஸ் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் ஐ.ஐ.டி.யைப் பற்றி என்ன பேச்சு என்று வரும் வழியிலேயே ஒரு தோழர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. கூலிக்கும் ஐ.ஐ.டி.க்கும் உள்ள சம்பந்தத்தை ஒரு கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம். உத்தரப் பிரதேசத்தில் ஒரு தாழ்த்தப்பட்ட குடும்பத்துப் பையன். தகப்பனார் தினக்கூலி, நாளொன்றுக்கு 450 ரூபாய் என்று பின்னால் கோர்ட்டில் சொல்லப்பட்டது. தேசம் முழுவதும் லட்சக்கணக்கான பிள்ளைகள் மோதும் நுழைவுப் பரீட்சையில் அந்தப் பையன் தேறினான். தன்பாத் ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிகல் இன்ஜினீயரிங் படிக்க இடமும் கிடைத்தது. இடத்தை உறுதி செய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஜூன் 24, மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டும். 450 ரூபாய்க் கூலிக்காரருக்கு அது 39 நாள் கூலி. அதுவும் வீட்டில் ஒருவரும் சாப்பிடாமல் இருந்தால்! ஊரார் கொடுத்து உதவினார்கள். பணம் முழுவதும் சேர்ந்தபோது மணி ஐந்தை நெருங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் பணம் ஏறுவதற்குள் கெடு முடிந்தது. இடம் போயிற்று.

தாழ்த்தப்பட்டோர் கமிஷனிடம் போனான். ஜார்க்கண்டில் இலவச சட்ட உதவி கேட்டான். அந்த வருஷம் பரீட்சை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் நம் சென்னை ஐகோர்ட் வரை வந்தான். கடைசியில் சுப்ரீம் கோர்ட். 2024 செப்டம்பர் 30ந் தேதி, பிரதம நீதிபதி உள்ளிட்ட மூன்று நீதிபதிகள், அரசியல் சட்டத்தின் 142ஆவது ஷரத்து தந்த விசேஷ அதிகாரத்தைக் கையில் எடுத்து, அவனுக்குக் கூடுதலாக ஓர் இடம் ஏற்படுத்திச் சேர்த்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். நல்ல தீர்ப்பு, வரவேற்கிறோம். ஆனால் 17,500 ரூபாய் விவகாரம் தீர்வதற்கு இந்த நாட்டின் மிகப் பெரிய கோர்ட் கூட வேண்டியிருந்தது. கோர்ட் வரை போக வழி தெரியாமல் வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளைகளின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் வராது.

இனி சட்டத்தைப் பார்ப்போம். ஐ.ஐ.டி.களுக்கென்று பார்லிமெண்ட் 1961இல் ஒரு சட்டம் செய்தது. அதன் 7ஆவது பிரிவு, ஆணானாலும் பெண்ணானாலும், எந்த இனம், மதம், சாதி, வர்க்கத்தைச் சேர்ந்தவரானாலும் ஐ.ஐ.டி. திறந்திருக்கும் என்கிறது. ஆம், வர்க்கம் என்ற சொல்லும் அதில் இருக்கிறது. நாம் எழுதி வைத்ததல்ல, சர்க்கார் எழுதியது!

எழுதியபடி நடந்ததா? சென்னை ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டிக் காட்டு நிலத்தில் எழும்பியது. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மாணவர் சேர்க்கையில் இட ஒதுக்கீடு வந்ததோ 1973இல். நடுவே 14 வருஷம். பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்று 2006இல் சட்டம் வந்தது. சுப்ரீம் கோர்ட் 2008 ஏப்ரலில் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் அமலாயிற்று. நமது நெசவாளி, தச்சர், ஆடு மேய்ப்பவர் வீட்டுப் பிள்ளை ஒதுக்கீட்டின் வழியே உள்ளே போக அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

2006இல் டில்லியில் நடந்ததை மட்டும் மறக்கக் கூடாது. ஒதுக்கீட்டை எதிர்த்த டாக்டர்களும் மாணவர்களும் துடைப்பத்தை எடுத்துத் தெருக் கூட்டினார்கள். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக் காட்டினார்கள். ஒதுக்கீடு வந்தால் எங்கள் கதி இதுதான் என்று அர்த்தமாம். அன்று விடியுமுன் டில்லித் தெருக்களை உண்மையிலேயே கூட்டிவிட்டுப் போன பெண்கள் அதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்? துடைப்பம் பிடிப்பது அவர்களுக்குப் பிறவிக் கடமை, இவர்களுக்கு மட்டும் அவமானமா? தகுதி, திறமை என்ற பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்பது அன்று நடுத்தெருவில் தெரிந்தது.

தகுதி எப்படித் தயாராகிறது? ராஜஸ்தானில் கோட்டா என்று ஒரு நகரம். அங்கே பயிற்சி நிலையங்களே ஒரு பெருந்தொழில். வருஷக்கணக்கில் பிள்ளையை விடுதியில் வைத்துப் பணம் கட்டிப் பழக்க வசதி உள்ளவனுக்கு அது ஏற்பாடு. நம் பிள்ளை லீவு நாளில் களை பறிக்கப் போகிறது. பாஷையும் ஒரு சுவர். முதல் கட்டப் பரீட்சையைத் தமிழில் எழுத 2021 முதல் வழி செய்தார்கள். ஐ.ஐ.டி. இடத்தைத் தீர்மானிக்கும் இரண்டாம் கட்டம் இன்றும் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. இந்திக்காரப் பிள்ளை தாய்மொழியில் எழுதலாம், தமிழ்ப் பிள்ளை எழுதக் கூடாது. இது எந்த ஊர் நியாயம்?

சம்பளத்தைப் பாருங்கள். 2016இல் வருஷச் சம்பளத்தை 90,000 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 2 லட்சம் ஆக்கினார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோருக்கு முழு விலக்கு. மற்றவர்களில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 லட்சத்துக்குக் கீழே இருந்தால் முழு விலக்கு. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. மாதம் 15,000 வாங்கும் மில் தொழிலாளிக்கு வருஷ வருமானம் 1,80,000 ஆகிவிடுகிறது; ஆகவே முழு விலக்கு கிடையாது. மூன்றில் ஒரு பங்கு கட்ட வேண்டும்; விடுதியும் சாப்பாடும் தனி. இந்த ஸ்தாபனங்கள் ஜனங்களின் வரிப் பணத்தில் நடக்கின்றன. நீங்கள் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் அந்த வரி இருக்கிறது.

உள்ளே போனவர்கள் நிலை என்ன? 2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் பார்லிமெண்டில் கொடுத்த கணக்கு இது. ஐந்து வருஷத்தில் ஐ.ஐ.டி.களிலிருந்து பாதியில் வெளியேறிய பிற்படுத்தப்பட்ட மாணவர் 2,066, தாழ்த்தப்பட்டோர் 1,068, பழங்குடியினர் 408. ஆக 3,542 பேர். வேறு படிப்புக்கு, வேறு காலேஜுக்கு மாறிப் போகிறார்கள் என்று சர்க்கார் சமாதானம் சொல்கிறது. சிலர் அப்படிப் போயிருக்கலாம். எல்லோருமா? டில்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பற்றி 2007இல் பேராசிரியர் தோரட் கமிட்டி கொடுத்த அறிக்கை இருக்கிறதே! தாழ்த்தப்பட்ட மாணவர்கள் விடுதியில் ஒதுக்கப்பட்டதையும், வகுப்பில் ஆசிரியர்கள் பாராமுகமாக இருந்ததையும் அது விவரமாகச் சொல்கிறது. தேநீர்க் கடையில் தனிக் குவளையைப் பார்த்த நமக்கு அது புதிதல்ல.

பெண்கள் விஷயத்தில் ஒரு காரியம் நடந்தது. 2018 முதல் மாணவிகளுக்கென்று கூடுதல் இடங்களை ஏற்படுத்தினார்கள். யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை, ஐ.ஐ.டி.யின் தரமும் இடிந்து விழவில்லை. கூடுதல் இடம் போட முடியும் என்றால் கெடுவை ஒரு வாரம் நீட்டவும், முன்பணத்தை ரத்து செய்யவும், கேள்வித்தாளைத் தமிழில் அச்சடிக்கவும் முடியாதா?

இந்த மூன்றையும் சங்கத்தின் கோரிக்கைகளாகத் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும் என்று யோசனை சொல்கிறேன். விவசாயத் தொழிலாளர் கிளைகளும் இதில் சேர வேண்டும்.

அதுவரை சும்மா இருக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி. போன்ற இடங்களில் சேரும் பிள்ளைகளின் செலவை ஏற்பதாகத் தமிழ்நாட்டு அரசு 2022 பட்ஜெட்டில் அறிவித்தது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தலைமை ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள். பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் மத்திய சர்க்கார் படிவத்தில், அந்தந்த வருஷம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். பழைய சான்றிதழ் செல்லாது. தாலுகா ஆபீசுக்கு நடப்பதில் ஒரு நாள் கூலி போகுமானால் அந்தக் கூலியைச் சங்க நிதியிலிருந்து கொடுப்போம். பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டார் மே தினத்துக்குள் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஜூன் மாதம் பணம் கட்டும் நாளில் அந்தப் பணம் காலையிலேயே தயாராக இருக்க வேண்டும்.