உடைமையும் அதன்மேல் எழுதப்பட்ட பெயரும்

(ஒசூர்ப் பகுதியில் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் மகளிர் குழுப் பிரதிநிதிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராம வாழ்க்கையும் உடைமையும் என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் கூற இங்கு வந்திருக்கின்றோம். உடைமை என்றவுடன் நிலம், வீடு, கிணறு, ஆடுமாடு ஆகியன நினைவுக்கு வருகின்றன. நம் பகுதியில் இவற்றோடு மாந்தோப்பு, புளியமரம், பட்டுப்புழு வளர்ப்பு மனை, ரோஜாத் தோட்டம் ஆகியவற்றையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். இவற்றைப் பெருக்கும் வழிகளைப் பற்றி இம்முகாமில் பலர் பேசுவர். நாம் பேச விழைவது வேறொன்று. ஓர் உடைமை நம் கையில் இருப்பது வேறு. அது நம் பெயரில் இருப்பது வேறு. இவ்விரண்டும் ஒன்றென்று எண்ணியிருப்பதனால் நம் கிராமங்களில் விளையும் துன்பம் கொஞ்சமன்று.

பட்டா வழங்குவது வருவாய்த் துறையின் பணியாயிற்றே, வளர்ச்சி அலுவலர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். அந்த எண்ணம் பிழையென்று நமக்கு உணர்த்தியவர் ஒரு விதவைத் தாய். அவர் கதையைப் பின்னர்க் கூறுவோம்.

நிலத்தின்மேல் உழுபவனுடைய பெயரை எழுதும் முறை வளர்ந்த இடங்களுள் நம் மாவட்டம் முதன்மையானது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. அலெக்ஸாண்டர் ரீட் என்பவரும், அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் நிலங்களை அளந்து, ரயத்துகளுடனேயே நேராகத் தீர்வையை முடிவு செய்யும் வழக்கத்தைத் தொடங்கினர். அதுவே ரயத்துவாரி முறையாகி, மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவியது. ஒசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகள் 1799-க்குப் பின்னரே கும்பினி ஆட்சியில் நிலைபெற்றன. இப்பக்கத்தில் ஜமீன்களும் இனாம்களும் நெடுங்காலம் இருந்தன. 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும், 1963-ஆம் ஆண்டு சிறு இனாம் ஒழிப்புச் சட்டமும் வந்த பிறகே அந்நிலங்களும் ரயத்துவாரி நிலங்களாயின. அரசு பெயரெழுதியது வரி வாங்குவதற்காகத்தான். ஆயினும் அந்தப் பெயரே நாளடைவில் குடியானவனுக்குக் காப்பாகவும் அமைந்தது.

இப்பெயரின் அருமை முற்காலத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மானாவாரிக் காட்டை வாங்க யாரும் விரைந்து வந்ததில்லை. அண்ணன் கிழக்குப் பக்கம், தம்பி மேற்குப் பக்கம் என்று வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டு உழுதார்கள். ஆனால் 1971-ல் சிப்காட் நிறுவனம் தோன்றி, அதன் தொழிற்பேட்டை ஒசூரில் அமைந்ததன் பின்னர் நிலைமை மாறிற்று. சரக்கு வண்டியும், இருசக்கர வண்டியும், கைக்கடிகாரமும் செய்யும் ஊராக ஒசூர் வளர்ந்தது. 2019-ல் மாநகராட்சியாகவும் ஆயிற்று. தொழிற்சாலை வந்தது நன்மையே. நம் பிள்ளைகள் பலர் அங்கே சம்பளம் பெறுகின்றனர். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்து மானாவாரிக் காட்டின் விலை பெங்களூரைப் பார்த்து ஏறியபோது, தாத்தாவின் பெயரிலிருந்த பட்டா பேரப்பிள்ளைகளின் சண்டைக்கு விதையாயிற்று.

இனி அத்தாயின் கதையைக் கேளுங்கள். வீடு கட்டும் திட்டத்தின் பயனாளிகள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. கணவனை இழந்தவர், இரு பெண்மக்களை உடையவர், ஒழுகும் ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர். கணக்கெடுப்பின்போது அவரைச் "சொந்த மனை உடையவர்" என்று நம் அலுவலகமே குறித்திருந்தது. வேலை உத்தரவு எழுதும் வேளையில் மனைப் பட்டாவைக் கேட்டோம். அவர் துணியில் சுற்றிவைத்திருந்த காகிதத்தைக் கொடுத்தார். அதில் இருந்தது அவர் மாமனாரின் பெயர். மாமனார் காலமாகிப் பல ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்கு வாரிசுகள் நால்வர். கொழுந்தனார் ஒருவர், "மனைக்கு விலை ஏறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று கையெழுத்திட மறுத்தார். நாத்தனாரை மாலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

அந்த அம்மையார் ஏறாத படியில்லை. இறுதியில் மாலூரிலிருந்து நாத்தனார் வந்தார். தம்பியை அழைத்துக் கண்டித்தார். தம் பங்கையும் அண்ணிக்கே விடுதலைப் பத்திரமாக எழுதிக்கொடுத்தார். ஆனால் அதற்குள் அவ்வாண்டு ஒதுக்கீடு வேறோர் ஊருக்குச் சென்றுவிட்டது. மேலும் ஒரு மழைக்காலத்தை அத்தாய் அந்த ஓட்டின் கீழே கழித்து, மறு ஆண்டே வீடு கட்டினார்.

இதில் நாம் வெட்கப்படத்தக்க செய்திகள் இரண்டு உண்டு. மனை இருக்கிறதா என்று கேட்ட நாம், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கவில்லை. மற்றொன்று, அந்த நாத்தனார் பத்திரம் எழுதும் நாளில் நம்மிடம் கூறிய சொல். "எனக்கும் இதில் பங்கு உண்டென்று இன்றைக்குத்தான் தெரியும்" என்றார் அவர். தமக்குரியதென்று அறிந்த அன்றே அதனை மனமுவந்து கொடுத்தார். அவ்வளவு பெரிய மனமுடையவரிடம், அவருடைய உரிமை இதுவென்று அதுவரை எவரும் எடுத்துச் சொல்லவில்லை!

சட்டம் இதனை என்றோ சொல்லிவிட்டது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாது இறந்த தந்தையின் சொந்தச் சொத்தில் மகனுக்குள்ள பங்கு மகளுக்கும் உண்டு. மனைவிக்கும் தாய்க்கும் உண்டு. பூர்விகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்புரிமை அளித்துத் தமிழ்நாடு 1989-ல் சட்டத் திருத்தம் செய்தது. அப்போது திருமணமாகியிருந்த பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. அதே 1989-ல்தான், நம் பகுதியும் அடங்கியிருந்த அன்றைய தருமபுரி மாவட்டத்தில், தமிழகத்தின் மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் முதன்முதல் தொடங்கப்பெற்றது. சேமிப்புப் புத்தகத்தில் பெண்ணின் பெயர் ஏறிய மாவட்டம் இது. நிலப் பட்டாவிலும் அப்பெயர் ஏறுவதற்கு நாம் இன்னும் தயங்குவது ஏன்?

பெண்ணுக்குப் பங்கு கொடுத்தால் குடும்பம் சிதறும் என்பர் சிலர். கடல் கடந்த ஒரு நாட்டைப் பாருங்கள். இந்தோனேசியாவில் சுமத்ரா தீவின் மேற்குப் பகுதியில் மினாங்கபாவு என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்களும் நம்மைப்போல் வயலை நம்பிய உழவரே. அவர்களிடையே குலத்தின் வீடும் வயலும் தாயிடமிருந்து மகள்களுக்கே செல்கின்றன. அச்சொத்தை ஒருவர் தம் விருப்பம்போல் விற்றுவிட வழக்கம் இடங்கொடுப்பதில்லை. குலத்தார் கூடி ஒப்பவேண்டும். அதனால் அவர்கள் குடும்பம் சிதறிவிடவில்லை. தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கின்றது. அவர்கள் வழக்கத்தை அப்படியே கொள்ளுங்கள் என்று நாம் கூறவில்லை. வீட்டிலுள்ள அனைவரும் அறிய, அனைவரும் ஒப்ப விற்கப்படும் நிலமே வழக்கின்றி விற்கப்படும் என்பதையே கூறுகின்றோம். தரகர் முன்பணத்துடன் திண்ணையில் வந்து அமர்ந்த பிறகு கூடிப் பேசுதல் இயலாது. அதற்கு முன்னரே பேசிவிடுதல் வேண்டும்.

ஊருக்கும் உடைமை உண்டு என்பதையும் மறத்தலாகாது. ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி, வண்டிப்பாதை ஆகிய இவை எவர் பெயரிலும் பட்டா ஆகாதவை. ஆதலின் எவர் உடைமையும் அல்ல என்று கருதுகின்றனர். உண்மையில் அவை நிலமற்ற ஏழையின் ஒரே சொத்து. இரண்டு ஆடு வளர்க்கும் கிழவிக்கு மேய்ச்சல் நிலமே தோட்டம். ஏரிகளைக் காக்கவும், அவற்றிலுள்ள ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆயினும் ஏரிக்கரை குறுகுவதை முதலில் காண்பது ஊரார் கண்தான்.

ஆகவே உங்களை நாம் வேண்டுவன இவை. ஊருக்குத் திரும்பியதும் முதலில் உங்கள் வீட்டுப் பட்டாவை எடுத்து, யார் பெயர் உள்ளது என்று பாருங்கள். இறந்தவர் பெயராயின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெற்றுப் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள். வாரிசுகளின் பெயரைச் சொல்லும்போது மணமாகி ஆனேக்கல்லிலும் மாலூரிலும் வாழும் பெண்மக்களை விட்டுவிடாதீர்கள். மாநில எல்லையைத் தாண்டியதால் மகள் என்னும் உறவு அற்றுப்போவதில்லை. வாய்ப்பேச்சாகப் பிரித்த நிலத்தை அளந்து, பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, உட்பிரிவு செய்துகொள்ளுங்கள். பட்டா மட்டுமே உரிமையை முற்றும் நிலைநாட்டிவிடாது; பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் உடன் வைத்திருங்கள். ஆண்டுதோறும் நடைபெறும் ஜமாபந்தியில் மனுக் கொடுங்கள். கிராம சபை கூடும் நாளில் ஊர்ப் புறம்போக்கின் சர்வே எண்களைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். உறுப்பினர்களாகிய நீங்கள் உங்கள் வார்டிலுள்ள விதவைகளின் வீட்டுக்கு முதலில் செல்லுங்கள்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை என்று கூறமாட்டோம். பத்திரச் செலவு உண்டு, அலைச்சல் உண்டு. ஆனால் வழக்காடும் செலவோடு ஒப்பிட்டால் இது சிறிது. நம் அலுவலகத்தில் இப்போது வீட்டுக்கான விண்ணப்பத்தை வாங்கும்போதே, "மனை யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டு எழுதிக்கொள்கின்றோம். அக்கேள்வியை அந்தத் தாய் நமக்குக் கற்பித்தார். அதனை நீங்கள் ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள் என்று வேண்டி, நம் உரையை முடிக்கின்றோம்.